எங்கே போகிறது இந்த மூட்டை? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் சிங்கப்பூர்க் குடியிருப்புகளில் தாள், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் ஆகியவற்றைப் போடும் நீல நிற மறுசுழற்சித் தொட்டியைப் பற்றி எழுதிய சிறு குறிப்புக்கு, எதிர்பார்த்ததைவிட மிகுதியான கடிதங்கள் வந்துவிட்டன. செய்தித்தாளையும் தகர டப்பாவையும் பற்றி எவருக்கும் ஐயமில்லை. எந்தத் தொட்டியிலும் சேராமல், எறியவும் மனம் வராமல், வீட்டு மூலையில் முடங்கிக் கிடக்கும் பொருள்களைப் பற்றித்தான் பெரும்பாலோர் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, எட்டினை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

உருளைக்கிழங்கு வறுவல், முறுக்கு, காப்பித்தூள் ஆகியவை வரும் உறைகளைக் கழுவிக் காயவைத்து நீலத் தொட்டியில் போட்டு வருகிறேன். இது வீண் வேலை என்கிறாள் மகள். யார் சொல்வது சரி? – வாசகி, ஈசூன்

உங்கள் உழைப்பை நினைத்தால் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் மகள் சொல்வதே சரி.

பார்வைக்கு ஒரே தாளாகத் தெரியும் அந்த உறை உண்மையில் பல அடுக்குகளால் ஆனது. வெளியே அச்சிட்ட பிளாஸ்டிக், நடுவே ஆவியாகப் படியவைத்த மெல்லிய அலுமினியம், உள்ளே சூட்டில் ஒட்டிக்கொள்ளும் வேறொரு பிளாஸ்டிக். காற்று, ஈரம், வெளிச்சம் மூன்றையும் தடுத்து முறுக்கை மொறுமொறுப்பாக வைத்திருப்பது இந்தக் கூட்டணிதான். மறுசுழற்சிக்கு எமனாக நிற்பதும் அதுவே. பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்வது என்றால் அடிப்படையில் ஒரே வகையைச் சேர்த்து உருக்குவது என்று பொருள். ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு சூட்டில் உருகும். ஒன்று உருகும் வேளையில் இன்னொன்று கட்டியாகவே இருக்கும், அல்லது கருகிவிடும். ஒட்டிக்கொண்ட அடுக்குகளைப் பிரிக்க ஆகும் செலவை, பிரித்துக் கிடைக்கும் பொருளின் விலை ஈடுகட்டுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. நம் நீலத் தொட்டிகளில் சேர்வதில் சுமார் 40 விழுக்காடு மறுசுழற்சி செய்ய இயலாதது அல்லது உணவுப் பிசுக்கால் கெட்டுப்போனது என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. நல்லெண்ணத்தோடு போடப்பட்ட தவறான பொருளும் அந்தக் கணக்கில்தான் சேர்கிறது. தொட்டியில் போட்டுவிட்டால் மனம் ஆறிவிடுகிறது. பிரிப்புக் கூடத்தில் நிற்கும் தொழிலாளி அதை மீண்டும் கையால் எடுத்து எறிய வேண்டியிருக்கிறது.

அப்படியானால் இவற்றுக்கு வழியே இல்லையா என்றால், மதுரையில் ஒருவர் கண்டார். தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன், துண்டுதுண்டாக நறுக்கிய கழிவுப் பிளாஸ்டிக்கைச் சூடான சரளைக்கற்களின்மேல் தூவினால் அது கல்லின்மேல் மெல்லிய பூச்சாகப் படிகிறது என்பதையும், அந்தக் கல்லைத் தாருடன் கலந்தால் மழைநீர் எளிதில் புகாத சாலை கிடைக்கிறது என்பதையும் செய்து காட்டினார். 2002ஆம் ஆண்டிலேயே இம்முறையில் சாலை போடப்பட்டது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. கழிவுப் பிளாஸ்டிக்கைச் சாலைக் கலவையாக்கும் முயற்சிகள் சிங்கப்பூரிலும் நடந்திருக்கின்றன. பாராட்ட வேண்டியதே. ஆயினும் சாலைக்குப் போன உறை மறுபடி உறையாகத் திரும்பி வராது. அடுத்த முறுக்குப் பொட்டலத்துக்குப் புதிய பிளாஸ்டிக்தான் வேண்டும்.

ஆகவே, உறையைக் கழுவாமலேயே பொதுக் குப்பையில் போடுங்கள், தண்ணீராவது மிச்சமாகும். தேக்காவில் மசாலா அரைத்துக் கொடுக்கும் கடைகளுக்குச் சொந்த டப்பாவைக் கொண்டுபோவதும், சிறு பொட்டலங்களாக வாங்காமல் பெரிய டின்னாக வாங்குவதும் அந்தக் கழுவலைவிடக் கூடுதல் பயன் தரும்.

கடைசியில் எல்லாவற்றையும் எரிக்கத்தானே போகிறார்கள்? பிறகு எதற்குப் பிரிப்பது? – வாசகர், கிளமெண்டி

எரித்தால் குப்பையின் கன அளவு பத்தில் ஒன்றாகக் குறைகிறது, மறைந்துவிடுவதில்லை. எஞ்சும் சாம்பலும் எரிக்க முடியாத கழிவும் துவாஸிலிருந்து படகேறிச் செமக்காவ் நிரப்புநிலத்துக்குப் போகின்றன. இரண்டு தீவுகளை 7 கிலோமீட்டர் நீளக் கல்லணையால் வளைத்துக் கடலுக்குள் உருவாக்கிய இடம் அது. 1999இல் செயல்படத் தொடங்கியது. இப்போதைய வேகத்தில் போனால் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது அரசாங்கத்தின் மதிப்பீடு. அடுத்த செமக்காவுக்கு நம்மிடம் கடல் இல்லை. கண்ணாடியும் உலோகமும் எரிவதே இல்லை என்பதால், வேறெதையும் பிரிக்காவிட்டாலும் இவ்விரண்டையும் பிரித்துவிடுங்கள்.

எங்கள் புளோக்கில் ஏறக்குறைய இருபது குடும்பங்கள் ஆர்வமாக இருக்கிறோம். வெளிநாடுகளில் பள்ளிகளும் அண்டைவீட்டாரும் பற்பசைக் குழாய், பேனா, நொறுக்குத்தீனி உறை போன்றவற்றைச் சேர்த்து அனுப்புவதாகப் படித்தோம். கீழ்த்தளத்தில் ஒரு பெட்டி வைத்து நாமும் தொடங்கலாமா? – வாசகர், உட்லண்ட்ஸ்

தொடங்கலாம், ஆனால் பெட்டியிலிருந்து தொடங்க வேண்டாம். நான் பெட்டியிலிருந்துதான் தொடங்கினேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பேட்டையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, இதே பற்பசைக் குழாய்களையும் உறைகளையும் சேகரித்தோம். வாங்கிக்கொள்வதாக ஒரு நிறுவனத்தார் தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். எழுத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று மாதத்தில் பதினொரு மூட்டை சேர்ந்தது. அதற்குள் அந்தத் தொலைபேசியை எடுப்பார் இல்லை. முதலில் எறும்பு வந்தது, பிறகு எலி வந்தது, அதன் பிறகு நகர மன்றத்திலிருந்து ஆள் வந்தார். பதினொரு மூட்டையையும் நானே இழுத்துக்கொண்டுபோய்க் குப்பைக் கூடத்தில் சேர்த்தேன். அந்த மூன்று மாதமும் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்த மூன்றாம் மாடிப் பாட்டியிடம் உண்மையைச் சொல்ல எனக்கு இன்னும் இரண்டு வாரம் பிடித்தது.

அன்று தெரியாமல் போன பொருளாதாரம் எளிமையானது. மறுசுழற்சி செய்யக் கடினமான பொருள் என்றாலே, சேகரித்துச் சுமந்து பிரிக்கும் செலவு அதன் விலையைவிட அதிகம் என்றுதான் அர்த்தம். அந்த இடைவெளியை யாராவது ஒருவர் பணத்தாலோ உழைப்பாலோ நிரப்ப வேண்டும். நீங்கள் படித்த வெளிநாட்டுத் திட்டங்களில் பல, 2001இல் அமெரிக்காவில் தொடங்கிய டெர்ராசைக்கிள் நிறுவனத்தின் வழியில் நடப்பவை. அங்கே அந்தப் பொருளைத் தயாரித்து விற்கும் பெரிய நிறுவனமே செலவை ஏற்கிறது, சேகரித்து அனுப்பும் பள்ளிக்கு நன்கொடைப் புள்ளிகளும் கிடைக்கின்றன. பணம் கொடுப்பவர் கொடுக்கும்வரை அது நன்றாக ஓடும். பிரிட்டனில் உருளைக்கிழங்கு வறுவல் உறைகளுக்காக இப்படி 2018இல் தொடங்கிய ஒரு திட்டம், மக்கள் ஆர்வத்துடன் பங்கெடுத்தும் சில ஆண்டுகளில் முடிவுக்கு வந்தது.

உழைப்பால் நிரப்பியதற்குச் சான்று தைவானின் சூ ச்சி அறநிறுவனம். 1990இல் அதன் நிறுவனரான பிக்குணி செங் யென், தம் உரையைக் கேட்டுக் கைதட்டியவர்களிடம் அந்தக் கைகளைக் கொண்டு குப்பையைப் பிரிக்கும்படி கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து பெரும்பாலும் முதியவர்களே உட்கார்ந்து, புட்டியின் மூடியைத் தனியாக, கழுத்து வளையத்தைத் தனியாக, நிறமுள்ளதைத் தனியாக, நிறமற்றதைத் தனியாகப் பிரிக்கிறார்கள். அப்படிப் பிரித்த புட்டிகளிலிருந்து நூல் எடுத்துப் பேரிடர் நிவாரணப் போர்வைகள் நெய்யப்படுகின்றன. சிங்கப்பூரிலும் அவர்களுடைய தொண்டூழியர்கள் குடியிருப்புப் பேட்டைகளில் மறுசுழற்சி நாள் நடத்துகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போய்ப் பாருங்கள். அங்கே பெட்டியைவிட முக்கியமானது மேசையும் நாற்காலியும் என்பது விளங்கும்.

ஜப்பானின் கமிகட்சு என்ற மலையூர் இன்னும் ஒரு படி மேலே போனது. 2003இல் கழிவே இல்லாத ஊராவோம் என்று அறிவித்து, குப்பையை நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கிறார்கள். ஏறக்குறைய 80 விழுக்காடு மறுசுழற்சிக்குப் போகிறது. குப்பை வண்டி வீட்டுக்கு வராது. மக்களே நிலையத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ஊரின் மக்கள்தொகை சுமார் 1,500. நம் கணக்கில் மூன்று நான்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகள். ஆனால் அங்கே குப்பையை விழுங்கும் குழாய் சமையலறைக்குப் பக்கத்தில் இல்லை. நம் சோம்பலுக்கு வீட்டின் அமைப்பே துணைபோகிறது.

ஆகவே உங்கள் இருபது குடும்பங்களும் முதல் மாதத்தில் எதையும் சேர்க்காமல், ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அது போய்ச் சேரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். வாங்குபவர் யார், எந்த நிலையில் வாங்குவார், எவ்வளவு சேர்ந்தால் வருவார், வாங்கியதை என்ன செய்கிறார் என்ற நான்கையும் எழுத்தில் பெறுங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு பொருளைப் பாருங்கள். நிரந்தரப் பெட்டி வைக்காமல், வசிப்போர் குழுவின் வழியாக நகர மன்றத்தின் அனுமதி பெற்று, மாதம் ஒரு நாள் இரண்டு மணி நேரம் மட்டும் மேசை போடுங்கள். கொண்டுவருபவரின் கண்ணெதிரே பொருளைப் பார்த்து வாங்கினால், எது சேரும் எது சேராது என்பதை அவரும் கற்றுக்கொள்வார். தாழ்வாரத்தில் மூட்டை அடைந்து தீயணைப்பு விதிகளில் மாட்டும் தொல்லையும் இராது. தராசு, பெட்டிகள், வாகனச் செலவு போன்றவற்றுக்குச் சமூகத் திட்டங்களை ஆதரிப்பதற்கென 2020இல் 50 மில்லியன் வெள்ளியுடன் தொடங்கப்பட்ட எஸ்ஜி சுற்றுச்சூழல் நிதிக்கு விண்ணப்பிக்கலாம்.

பழைய சேலைகள், பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, தேய்ந்த காலணிகள் ஆகியவற்றை எங்கே கொடுப்பது? – வாசகி, பொங்கோல்

நீலத் தொட்டியில் துணிக்கும் காலணிக்கும் இடமில்லை. சமூக மன்றங்களிலும் கடைத்தொகுதிகளிலும் துணிக்கென்றே தனித் தொட்டிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. துவைத்துக் காயவைத்துப் பையில் கட்டிப் போடுங்கள். ஆனால் அவற்றில் சேர்பவற்றில் பெரும்பகுதி நூலாக மாறுவதில்லை. உடுத்தத் தக்கவை வெளிநாட்டுச் சந்தைகளுக்குப் போகின்றன, மற்றவை துடைக்கும் துணியாகின்றன. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்து நெய்த துணியைப் பிரிப்பது, மேலே சொன்ன உறையைப் பிரிப்பது போலவே கடினம். கிழிந்த சேலையை நான்காக மடித்துத் தைத்து மெத்தைவிரிப்பாக்கிய நம் பாட்டிமார் யாரிடமும் அனுமதிக் கடிதம் கேட்கவில்லை.

காலணி விஷயத்தில் ஒரு நிகழ்வைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விளையாட்டுக் காலணிகளை அரைத்து ஓடுபாதைக்கும் விளையாட்டிடத்துக்கும் தரையாக்கும் திட்டம் ஒன்று இங்கே 2021இல் தொடங்கியது. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தார் பதினொரு இணைக் காலணிகளின் அடியில் இருப்பிடம் காட்டும் கருவியை ஒளித்துவைத்துச் சேகரிப்புத் தொட்டிகளில் போட்டார்கள். 2023இல் வெளியான அவர்களுடைய செய்தியின்படி அவற்றில் ஒன்றுகூடத் தரையாகவில்லை. பல இந்தோனீசியாவில் பழைய காலணியாக விற்பனைக்குப் போயிருந்தன. வேறொருவர் காலில் அது இன்னும் ஓராண்டு நடந்தால் தவறில்லையே என்று சிலர் வாதிட்டார்கள். தவறில்லைதான், ஆனால் பழைய காலணி இறக்குமதியை இந்தோனீசியா தடைசெய்திருக்கிறது, கொடுத்தவரிடம் சொன்னதும் வேறு. உட்லண்ட்ஸ் வாசகரிடம் நான்காவது கேள்வியை வலியுறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மிக்ஸி ஓடவில்லை, மாவரைக்கும் கிரைண்டரும் பழுது. உப்பிப்போன பவர் பேங்க் ஒன்றும் இருக்கிறது. மின்கழிவுத் தொட்டியில் போடலாமா? – வாசகர், தெம்பனிஸ்

முதலில் பவர் பேங்கைப் பற்றி. நல்ல நிலையில் இருப்பதை மின்கழிவுத் தொட்டியில் போடலாம். உப்பியதைப் போடவே கூடாது. லித்தியம் மின்கலம் நசுங்கினாலோ துளைபட்டாலோ தானாகத் தீப்பற்றும். குப்பைக் குழாயில் எறிந்தால் கீழே குப்பை வண்டியில் அழுத்தப்படும்போது அது நேரக்கூடும். இனி மின்னேற்றம் செய்யாதீர்கள், மின்முனைகளை ஒட்டுநாடாவால் மூடி, எரியும் பொருள்களிலிருந்து தள்ளி வைத்து, மின்கழிவுச் சேகரிப்பாளரை அழைத்து நேரில் ஒப்படைக்கும் வழியைக் கேளுங்கள்.

2021 ஜூலை 1ஆம் தேதி முதல், மின்பொருளைத் தயாரிப்போரும் இறக்குமதி செய்வோரும் அதன் கழிவுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பது சட்டம். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்வதே அதற்குக் காரணம். புதிய குளிர்பதனப் பெட்டியோ சலவை இயந்திரமோ வீட்டுக்கு வரும்போது, பழையதைக் கடைக்காரர் இலவசமாக எடுத்துச்செல்ல வேண்டும். பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சட்டத்தின் பட்டியலில் கணினி, கைப்பேசி, மின்கலம், விளக்கு, பெரிய வீட்டுச் சாதனங்கள் போன்றவைதான் உள்ளன. மிக்ஸியும் கிரைண்டரும் இல்லை. நம் சமையலறையை மனத்தில் வைத்து எழுதிய பட்டியல் அன்று.

எனவே அவற்றுக்குப் பழுதுபார்ப்பதே முதல் வழி. பத்தாண்டுக்கும் மேலாக நடந்துவரும் ரிப்பேர் கோப்பித்தியாம் என்ற சமூக முயற்சியில், தொண்டூழியர்கள் உங்கள் பொருளை வாங்கிச் சரிசெய்து தர மாட்டார்கள்; பக்கத்தில் அமர்ந்து உங்களையே சரிசெய்ய வைப்பார்கள். மிக்ஸி நின்றுபோவதற்கு, மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கரித்துண்டு (கார்பன் பிரஷ்) தேய்ந்துபோனதும் ஒரு காரணமாக இருக்கலாம், அதை மாற்றச் சில வெள்ளி போதும். கிரைண்டரின் கல் தனி, மோட்டார் தனி. மோட்டாரில் தாமிரம் இருப்பதால், சரிசெய்ய முடியாவிட்டாலும், வீடு வீடாக வந்து பழைய பொருள் வாங்கும் காராங்கூனிக்காரர் எடுத்துக்கொள்வார்.

காராங்கூனிக்காரர்கள் ஏன் முன்போல் வருவதில்லை? செய்தித்தாளுக்குத் தரும் காசும் குறைந்துவிட்டதே. – வாசகர், அங் மோ கியோ

கூனி என்பது வேறொன்றுமில்லை, நம் கோணிப்பைதான். மலாய்க்காரர் வாயில் அந்தச் சொல் நிலைத்து, சீனர்கள் தொழிலாகி, நாம் எல்லாரும் கூப்பிடும் பெயராயிற்று. அவர்கள் இந்நாட்டின் முதல் மறுசுழற்சிக்காரர்கள். 2001இல் தேசிய மறுசுழற்சித் திட்டம் வருவதற்குப் பல்லாண்டு முன்பே வீடு வீடாக வந்தவர்கள். சீனா 2018இல் பல வகைக் கழிவுகளின் இறக்குமதியை நிறுத்தியபோது உலகச் சந்தையில் பழைய தாளின் விலை விழுந்தது. ஹார்ன் ஒலியோடு வந்தவர்கள் மூப்படைந்தார்கள், இளையவர்கள் வரவில்லை. விலையை மட்டும் பார்க்காமல் கொடுங்கள். தொட்டியில் நனைந்து கிடக்கும் தாளைவிட அவர் கட்டி எடுத்துப் போகும் தாள் சுத்தமானது. வீடுகளின் மறுசுழற்சி விகிதம் 2023இல் 12 விழுக்காடுதான் இருந்தது. அந்த எண்ணிக்கை தாழ்ந்து கிடப்பதற்கும் இவர்கள் குறைந்துவருவதற்கும் தொடர்பு உண்டென்றே நான் கருதுகிறேன்.

தீபாவளிப் பலகாரம் சுட்ட எண்ணெயைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றலாமா? – வாசகி, புக்கிட் பாத்தோக்

ஊற்றவே கூடாது. குழாயில் குளிர்ந்து கட்டியாகி, கீழ்வீட்டுக்காரருக்கும் சேர்த்து அடைத்துவிடும். ஆறவைத்து, வடிகட்டி, மூடியுள்ள புட்டியில் சேருங்கள். பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து டீசலும் விமான எரிபொருளும் தயாரிக்கும் பெரிய ஆலை துவாஸிலேயே இருப்பதால், இதை வாங்க ஆள் உண்டு. சில பேட்டைகளில் சேகரிப்பு இடங்களும் வந்துவிட்டன. ஒரு பொருளுக்கு விலை இருந்தால் சமூக முயற்சி எவ்வளவு எளிதாகிறது என்பதற்கு உட்லண்ட்ஸ் வாசகர் இதையே தம் முதல் பொருளாக எடுத்துப் பார்க்கலாம். பேட்டையில் அப்படி ஓர் இடம் இல்லாத நிலையில், பழைய செய்தித்தாளில் ஊறவைத்துப் பொதுக் குப்பையில் போடுங்கள்.

பூசைக்குச் சாத்திய மாலையைக் குப்பையில் போட மனம் வரவில்லை. – வாசகி, செங்காங்

பூ மட்கும், மட்காதது நாம் அதோடு கட்டி அனுப்புவதுதான். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தின்கீழ் உங்கள் பேட்டையிலும் தோட்டம் இருக்கக்கூடும்; அங்கே எருக்குழி உண்டா என்று கேளுங்கள். வாழைநாரில் கட்டியது அப்படியே குழிக்குள் போகலாம். நைலான் நூல், சரிகை நாடா, பளபளப்புத் தாள் எல்லாவற்றையும் வீட்டிலேயே பிரித்து, இதழ்களை உதிர்த்து, ஈரம் வடிந்தபின் கொண்டுபோங்கள். எங்கள் தோட்டத்து எருக்குழியைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் மாலையை மகிழ்ச்சியாகவே வாங்கிக்கொள்கிறார். குண்டூசி இருக்கிறதா என்று மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்கிறார், ஏனென்றால் எருவைக் கிளறுவது அவருடைய வெறுங்கை.